பாதி கேட்ட பேச்சு

மலையடிவாரத்துக் காரவள்ளியில் பேருந்து நின்றதும் சுமித்ரா வாந்தி மாத்திரையை விழுங்கினாள். கொல்லிமலையில் பிறந்தவள்தான். மலையில் நாடு என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான வளப்பூர் நாட்டில் அவள் வீட்டைச் சுற்றி மிளகுக்கொடி ஏறிய மரங்கள் நிற்கும். ஆனாலும் மலைப்பாதையின் வளைவுகள் அவள் வயிற்றுக்கு ஒருநாளும் பழகவில்லை.

"மலைக்காரிக்கே மாத்திரையா" என்று கார்த்தி கேட்டான். அவன் ஆத்தூர்க்காரன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

"மலையில பொறந்தா மலையே வயித்துக்குள்ள இருக்குமா?" என்றாள் சுமித்ரா.

அவர்கள் இருவரும், அந்தப் பேருந்தின் பின்பாதியை நிறைத்திருந்த மற்றவர்களும், சேலத்தில் ஒரு சிறிய இதழியல் பயிற்சி நிலையத்தில் படிப்பவர்கள். அன்று அவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. ஆலத்தூர் நாட்டின் தேன்கல்பட்டியில் புதிதாகக் கட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தைத் திறக்கிறார்கள். விழாவில் செந்தில்நாதன் என்ற மருத்துவர் பேசுவார். அந்தப் பேச்சைக் கேட்டு, அங்கேயே உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் செய்தியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

தேர்வை நடத்துபவர் சுந்தரராஜன். பல ஆண்டுகள் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். வண்டி மலை ஏறத் தொடங்கியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் திரும்பி நின்றார்.

"போன வருசம் ஒருத்தர் குத்துவிளக்கு ஏத்துனதுல ஆரம்பிச்சார். அப்புறம் வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு. பேச்சுக்கு வர்றதுக்குள்ள தாளும் தீர்ந்துபோச்சு, நேரமும் தீர்ந்துபோச்சு. பேசுனவர் என்ன சொன்னார்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியலை."

எல்லோரும் சிரித்தார்கள். வண்டி ஒரு வளைவில் திரும்பியது. சுந்தரராஜன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மீண்டும் நிமிர்ந்தார்.

"இன்னொருத்தங்க, பேசினார், மேலும் பேசினார், தொடர்ந்து பேசினார், இறுதியாகப் பேசினார்னு நாலு பத்தி. பேசுனார்னு எனக்கும் தெரியுது. என்ன பேசுனார்? ஒருத்தர், கரவொலி விண்ணைப் பிளந்ததுன்னு எழுதியிருந்தார். கூட்டத்துல இருந்ததே பத்துப் பதினஞ்சு பேர். ஒருத்தர் பேசுனவரோட பேரையே மாத்திட்டார். நாலஞ்சு பேர், பேசுனவர் சொன்னது எது, தாங்க நெனச்சது எதுன்னு பிரிக்கவே முடியாத மாதிரி குழைச்சு வச்சிருந்தாங்க. மேற்கோள் குறி போட்டீங்கன்னா உள்ள இருக்கறது அவரோட வாய்ச்சொல்லா இருக்கணும். உங்களுடையதா இருக்கக் கூடாது."

அவர் குரல் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தூரம் போய்த் திரும்பி வருவதுபோல் சுமித்ராவுக்கு இருந்தது. மாத்திரை வேலை செய்யத் தொடங்கிவிட்டது, கண் சொக்கியது. வெளியே காடு பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டே வந்தது.

பாதி மலைக்கு மேலே ஒரு வளைவு வரும். அங்கே அவள் எப்போதும் கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அவள் அக்கா கோகிலாவுக்கு வலி கண்டபோது ஜீப்பில் கீழே கொண்டுபோனார்கள். மழைக்காலம், இருட்டு. அந்த வளைவிலேயே குழந்தை பிறந்துவிட்டது. சேந்தமங்கலம் போய்ச் சேருவதற்குள் அதன் மூச்சு நின்றுவிட்டது. பெண் குழந்தை. கோகிலா அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. இப்போது மறுபடி ஏழாம் மாதம். பேருந்து அந்த வளைவைத் தாண்டியதைச் சுமித்ரா மூடிய கண்ணுக்குள்ளிருந்தே அறிந்துகொண்டாள்.

தேன்கல்பட்டியில் இறங்கியபோது மேகம் தெருவுக்குள் வந்திருந்தது. விழா நடக்கும் சமுதாயக் கூடத்தின் சுவர் தெரிந்தது, கூரை தெரியவில்லை. முன்வரிசையில் ஜமக்காளத்தில் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நாற்காலிகளில் ஆண்கள். கடைசியில் இரண்டு பெஞ்சுகளில் மாணவர்கள். வாசலில் ஒருவர் டாக்டரின் பேச்சை அச்சடித்த தாளைக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தாள்கள்தான் இருந்தன. கார்த்தி ஒன்றை வாங்கிவிட்டான். சுந்தரராஜனும் ஒன்றை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சுமித்ரா கதவருகே வந்தபோது தாள் தீர்ந்துபோயிருந்தது.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்றார்கள். செந்தில்நாதன் எழுந்தபோது மின்சாரம் போனது. ஒலிபெருக்கி ஒருமுறை முனகிவிட்டு நின்றது. அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் குரலில் பேச ஆரம்பித்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். குரல் உயராது. தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்து வாசித்தார், நடுநடுவே நிமிர்ந்து தன் பேச்சில் சொன்னார்.

சர்க்கரை நோயைப் பற்றிச் சொன்னார். பாம்பு கடித்தால் கயிறு கட்டக் கூடாது என்றார். சாமையும் ராகியும் தின்ற காலத்தில் இருந்த உடம்பு ரேஷன் அரிசியில் இருக்காது என்றார். சுமித்ரா எல்லாவற்றையும் எழுதினாள். ஜன்னல்கள் வழியே மேகம் மெல்ல உள்ளே வந்தது. முதலில் டாக்டரின் கால்கள் மங்கின, பிறகு முன்வரிசைப் பெண்களின் முதுகுகள். குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது, கிணற்றுக்குள் யாரோ பேசுவதைப் போல. பக்கத்தில் கார்த்தியின் தலை சாய்ந்திருந்தது. பெஞ்சின் கோடியில் சுந்தரராஜன் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"இங்க இருக்கற பிரசவ அறை இருபத்து நாலு மணி நேரமும்..." என்று டாக்டர் வாசிப்பது கேட்டது.

அதைக் கேட்டதும் அவளுக்குள் ஏதோ தளர்ந்தது. நெடுநேரம் தலையில் இருந்த சுமையை யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதைப் போலிருந்தது. அவள் பேனா தாளின் மேல் நின்றது.

பிறகு கூடம் நீண்டுகொண்டே போனது. ஜன்னல்கள் எல்லாம் கதவுகளாக இருந்தன. ஒரு கதவைத் திறந்தால் மலைப்பாதையின் வளைவு ஒன்று தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு, ஒரு விளக்கு. விளக்கைச் சுற்றி மேகம் பஞ்சுபோல் நின்றது. கட்டில் அருகே வெந்நீர்ப் பாத்திரத்தோடு ஒரு நர்ஸ் உட்கார்ந்து யாருக்கோ காத்திருந்தாள். கீழேயிருந்து கோகிலா நடந்து வந்தாள். முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். அவசரமே இல்லை அவளுக்கு. ஓர் இடத்தில் நின்று சாலையோரத்துப் பூ ஒன்றைப் பார்த்தாள், மறுபடி நடந்தாள். அவளுக்கு முன்னால் டாக்டர் கைவிளக்கோடு நடந்துகொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "இனிமே ராத்திரியில யாரும் மலை எறங்க வேண்டாம்."

கைதட்டல் கேட்டது. சுமித்ரா கண்ணைத் திறந்தாள். டாக்டர் தாளை மடித்துக்கொண்டிருந்தார்.

ஊர்க்காரர்கள் போன பிறகு மாணவர்கள் நாற்காலிகளைப் பலகையாக வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினார்கள். சுந்தரராஜன் மேசையில் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "ஒரு மணி நேரம். பேச்சு வேண்டாம்" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன.

சுமித்ரா தயங்காமல் முதல் வரியை எழுதினாள். தேன்கல்பட்டியில் திறக்கப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் இனி இரவிலும் பிரசவம் பார்க்கப்படும் என்று டாக்டர் செந்தில்நாதன் கூறினார். அதுதான் செய்தி, அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அதற்குக் கீழே மேற்கோள் குறி போட்டு, "இனிமேல் இரவில் யாரும் மலை இறங்க வேண்டாம்" என்று எழுதினாள். எழுதியதைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது. யாரும் மறக்காத வரி. கோகிலாவிடம் இதைச் சொல்லப் போகும் நேரத்தை நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வரிக்குப் போகும்போதுதான் பேனா நின்றது. டாக்டர் அதைச் சொன்னபோது அவர் கையில் விளக்கு இருந்ததே. கூடத்தில் அவர் பிடித்திருந்தது தாளைத்தானே?

அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். சாமை, ராகி என்ற சொற்களுக்குப் பிறகு எழுத்து சரிந்து ஒரு கோடாக இழுபட்டு முடிந்திருந்தது. எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தெரியவில்லை. அந்த வரி அவள் காதில் அவர் குரலிலேயே இருந்தது, தெளிவாக. ஆனால் அக்காவும் கனவில் தெளிவாகத்தான் இருந்தாள்.

கார்த்தி அச்சடித்த தாளைப் பார்த்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பதைக் கவனித்துத் தாளைக் கொஞ்சம் அவள் பக்கம் திருப்பினான். 'பிரசவ அறை இருபத்து நான்கு மணி நேரமும் செயல்படும்' என்று அதில் இருந்தது.

சுமித்ராவுக்கு மூச்சு வந்தது. அந்த மேற்கோளை அடித்துவிட்டு, முதல் வரியை வைத்துக்கொள்ளலாம். காதும் கேட்டது, தாளும் சொல்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஜன்னலுக்கு வெளியே, பேச்சைக் கேட்டுவிட்டு வந்த பக்கத்து ஊர்ப் பெண்கள் பேருந்துக்காக நின்றிருந்தார்கள். மேகத்தில் அவர்களுடைய சேலை நிறங்கள் மட்டும் தெரிந்தன. ஒருத்தி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி கல்லின் மேல் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். யாரும் பேசவில்லை. புதிய கட்டடம் எதிரிலேயே இருந்தது. ஒருத்தியும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சுமித்ரா இந்த மலைப் பெண்களைத் தெரியாதவள் அல்ல. வளப்பூர் நாட்டுக்கு ஒரு பேருந்து கூடுதலாக விட்டபோது அவள் அம்மாவும் சித்திகளும் ஒரு வாரம் அதையே பேசினார்கள். இரவில் பிரசவம் பார்ப்பார்கள் என்று ஒரு டாக்டர் வந்து சொல்லியிருந்தால் இவர்கள் இப்படியா நிற்பார்கள்?

அவள் எழுந்தாள்.

"சார், கொஞ்சம் வெளிய போயிட்டு வரணும்ங்க."

சுந்தரராஜன் அவள் முகத்தைப் பார்த்தார். "வயிறு சரியில்லையா? போயிட்டு வாம்மா. ஆனா நேரத்தைக் கூட்டித் தர மாட்டேன்."

மேகம் முன்னைவிடத் தடித்திருந்தது. டாக்டரைத் தேடிப் புதிய கட்டடத்தைச் சுற்றி வந்தாள். ஜீப் நின்றிருந்தது, ஓட்டுநர் இல்லை. பின்சுவரின் பக்கம் யாரோ இருமினார்கள். செந்தில்நாதன் ஒரு சிமென்ட் மூட்டையின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டருங்க, ஒண்ணு கேக்கணும்ங்க."

"சொல்லும்மா."

"நான் பத்திரிகைக்குப் படிக்கறவளுங்க. உங்க பேச்சைத்தான் பரீட்சைக்கு எழுதிட்டு இருக்கோம். இனிமே ராத்திரியில யாரும் மலை எறங்க வேண்டாம்னு சொன்னீங்களாங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நானா?"

"எனக்கு அப்படிக் கேட்டுச்சுங்க. ஆனா நடுவுல தூங்கிப்புட்டனுங்க. அதுதான் கேக்க வந்தேன்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் சொல்லலையே" என்றார். "சொல்ற மாதிரி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

"இருபத்து நாலு மணி நேரம்னு வாசிச்சீங்களேங்க. தாள்லயும் இருக்குதுங்க."

"இருக்கு. அது போன மாசமே அடிச்ச தாள். அதை வாசிச்சேன். வாசிச்சிட்டு, இது இப்ப உண்மை இல்லைன்னு சொன்னேன். நைட் டூட்டிக்குப் போட்ட நர்ஸுங்க இன்னும் வந்து சேரலை. காலையிலிருந்து சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் பிரசவம் பார்க்க முடியும்னு சொன்னேன். எப்ப மாறும்னு ஒரு பொண்ணு கேட்டாங்க. எனக்கே தெரியாதும்மான்னு சொன்னேன்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பின்னாடி பெஞ்சைப் பார்த்தேன். நீங்க எல்லாருமே தூங்கிட்டு இருந்தீங்க. மேகம் உள்ள வந்தா இங்க அப்படித்தான். நான் வந்த புதுசுல நோயாளியை உட்கார வச்சுட்டே தூங்கியிருக்கேன்."

சுமித்ராவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. எதற்கென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அந்தக் கட்டில்களையும் விளக்குகளையும் யாரோ ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போவதைப் போலிருந்தது.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவ சொல்றீங்களாங்க? கூட்டத்துல சொன்னபடியே?"

அவர் யோசித்து, மெதுவாகச் சொன்னார்: "தாள்ல இருக்கறது இன்னைக்கு உண்மை இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வலி வந்தா இங்க காத்திருக்காதீங்க, உடனே கீழ கெளம்புங்க."

அவள் உதடுகள் அதைச் சொல்லிப் பார்த்தன. குறிப்பேட்டைக் கூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஊட்டுல யாருக்காவது இருக்குதா?" என்று கேட்டார் அவர். நாமக்கல் பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது, 'வீடு' என்பது அவர் வாயிலும் 'ஊடு' என்றே வந்தது.

"எங்கக்காவுக்குங்க. மாசியில."

"முதல் பிரசவமா?"

"ரெண்டாவதுங்க. மொதக் கொழந்தை வழியிலயே..."

அவர் தலையசைத்தார். அவள் முடிக்க வேண்டியிருக்கவில்லை.

"எட்டு முடிஞ்ச உடனே கீழ கூட்டிட்டுப் போயிருங்க. ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்க வைங்க. வலி வரட்டும்னு இங்க உட்கார்ந்திருக்காதீங்க."

"இதையும் செய்தியில போடட்டுங்களா?"

"வேண்டாம். மேடையில சொன்னதைப் போடு. இது உனக்குச் சொன்னது."

அவள் கூடத்துக்குத் திரும்பும்வரை அவர் சொன்னதை முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். சின்ன வயதில் கடைக்குப் போகும்போது வாங்க வேண்டியதைச் சொல்லிக்கொண்டே போவாளே, அதைப் போல. உள்ளே வந்ததும் எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் புதிய தாளில் தொடங்கினாள். ஆறு மணிக்கு மேல் பிரசவம் பார்க்கப்படாது என்பதை முதல் வரியில் வைத்தாள். அச்சிட்ட உரையில் வேறு மாதிரி இருந்ததையும், மருத்துவரே அதை மறுத்ததையும் அடுத்து எழுதினாள். பிறகு அவருடைய சொற்கள், மேற்கோள் குறிக்குள். சர்க்கரை நோய்க்கு ஒரு வரிதான் மிஞ்சியது. பாம்புக்கடிக்கு வருவதற்குள் சுந்தரராஜன் கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டார்.

மற்றவர்கள் சேலத்துக்குக் கிளம்பினார்கள். சுமித்ரா அவரிடம் சொல்லிவிட்டுச் செம்மேடு போய், அங்கிருந்து வளப்பூர் நாட்டுக்குப் பேருந்து ஏறினாள். அக்கா வீட்டை அடைந்தபோது வெயில் கொஞ்சம் வந்திருந்தது. ஓட்டின் மேலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கோகிலா முறத்தில் சாமையைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் தனபால் குச்சிக்கிழங்கு மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"வா கண்ணு" என்றாள் கோகிலா. "பரீட்சை எழுதிட்டயா?"

தனபால் ஊசியை நிறுத்தாமலே சொன்னான்: "தேன்கல்பட்டி ஆஸ்பத்திரி ராத்திரியும் தொறந்திருக்குமாமே. நம்ம ஊரு மாணிக்கம் கூட்டத்துல குடுத்த தாளைப் பார்த்துட்டுப் போன் பண்ணுனான். தாள்லயே போட்டிருக்குதாம். இனி கவலை இல்ல, இங்கிருந்து பக்கம்தான்."

கோகிலா முறத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைச் சுமித்ரா பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியிருந்தது.

"இல்லீங்க மாமா. ஆறு மணி வரைக்கும்தானாம். ராத்திரிக்கு நர்ஸு இன்னும் வரலியாம்."

தனபாலின் கை நின்றது. "தாள்ல போட்டிருக்குதுன்னானே."

"தாளு பழசுங்க. நான் டாக்டரையே கேட்டுட்டு வாரேன்."

கோகிலா ஒரு கல்லை எடுத்து விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினாள்.

"நீயே கேட்டயா கண்ணு? நல்லாக் கேட்டயா?"

"ரெண்டு தடவ கேட்டேன்க்கா. எட்டு முடிஞ்சதும் கீழ வந்து தங்கச் சொன்னாரு. எங்கூட சேலத்துல வந்து இருந்துக்க. ரூம்பு சின்னதுதான். ஆனா அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிரலாம்."

தனபால் மூட்டையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "போகட்டும்" என்றான். "சனிக்கெழமைக்குச் சனிக்கெழமை நான் வந்து பார்த்துக்கறேன்." எழுந்து தோட்டத்துப் பக்கம் போனான். மரங்களுக்கு நடுவில் அவன் வெறுமனே நிற்பது தெரிந்தது.

சுமித்ரா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் கல் பொறுக்கினாள். பொறுக்கிக்கொண்டே தூங்கிப்போனதைச் சொன்னாள். கனவைச் சொன்னாள். ஒவ்வொரு வளைவிலும் கட்டில் இருந்ததைச் சொன்னாள். கோகிலா கை வேலையை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"நான் எப்படி இருந்தேன்?"

"முடிய அவுத்து விட்டுட்டு நடந்து வந்த. அவசரமே இல்லாம. வழியில நின்னு ஒரு பூவைப் பார்த்த."

"கையில ஏதாச்சும் வச்சிருந்தனா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று சுமித்ராவுக்குப் புரிந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். கனவுதானே, யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? அக்காவின் முகம் அவளுக்கு வெகு அருகில் இருந்தது. கண்ணை மூடி அந்தச் சாலையை மறுபடி பார்க்க முயன்றாள். கோகிலா வந்தாள், மேகம் அவள் இடுப்புவரை இருந்தது.

"தெரியலக்கா" என்றாள். "மேகம் மறைச்சிருந்துச்சு. அதுக்குள்ள கை தட்டிட்டாங்க."

கோகிலா தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "சரி சாமி" என்றாள். அவ்வளவுதான். பிறகு இறந்துபோன அந்தக் குழந்தையைப் பற்றி அவளாகவே பேசினாள். காது மடல் தனபாலுக்கு இருப்பதைப் போலவே இருந்தது, நகங்கள் இருந்தன, ஒருமுறை கொட்டாவி விட்டது என்று சொன்னாள்.

அடுத்த வாரம் தேர்வுத் தாள்கள் திரும்பி வந்தன. சுமித்ராவின் முதல் வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'தவறான தகவல். அச்சிட்ட உரையைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. அவள் தேறவில்லை. கார்த்திக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு சுந்தரராஜனின் அறைக்குப் போனாள்.

"சார், டாக்டர் அந்தத் தாளு உண்மை இல்லைன்னு சொன்னாருங்க."

"எப்ப சொன்னார்? நானும்தானே இருந்தேன்."

"பேச்சுலயே சொன்னாருங்க. நானும் தூங்கிட்டேன். அப்புறம் வெளிய போனப்ப அவரையே கேட்டேங்க."

சுந்தரராஜன் கைப்பேசியை எடுத்துச் செந்தில்நாதனின் எண்ணைத் தேடி அழைத்தார். "அன்னைக்கு நீங்க பேசினதுல ஒரு சந்தேகம்" என்று தொடங்கினார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது. "ஆமா சார், பின்னாடி பெஞ்சுலதான்" என்று கடைசியில் சொன்னார். கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சாமை, ராகி வரைக்கும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார். "அதுக்கப்புறம் கை தட்டுனதுதான் ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணுமே இல்லைன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு."

அவர் எல்லாத் தாள்களையும் திரும்ப வாங்கினார். இரண்டு நாள் கழித்து வகுப்பில் வந்து, திருத்திய தானே தவறிவிட்டதைச் சொல்லி, மதிப்பெண்களை மறுபடி வாசித்தார். சுமித்ரா மயிரிழையில் தேறியிருந்தாள். "நீளம் பத்தலை. பாம்புக்கடியை விட்டுட்ட. அதுக்குக் குறைச்சதைத் தர முடியாது" என்றார் அவர். அவளும் கேட்கவில்லை. கார்த்தியும் இன்னும் பலரும் மீண்டும் எழுத வேண்டியிருந்தது. கார்த்தி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர்க் கடையில் பக்கத்தில் வந்து நின்று, "நீ எந்திரிச்சுப் போனப்ப நான் என்ன நெனச்சேன் தெரியுமா, வாந்தின்னு நெனச்சேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான்.

தை மாதக் கடைசியில் கோகிலா மலை இறங்கி வந்தாள். சேலத்து வெக்கை அவளுக்குப் பிடிக்கவில்லை. குழாய்த் தண்ணீர் நாக்கில் ஒட்டுகிறது என்றாள். பகலெல்லாம் சுமித்ராவின் அறைத் தரையில் ஈரத்துணியை விரித்து அதன் மேல் படுத்திருந்தாள். சனிக்கிழமைகளில் தனபால் மலைவாழைத் தாரோடு வந்தான். தெருவில் பழைய இரும்பு வாங்குபவர்களின் குரல், பள்ளிப் பிள்ளைகளின் குரல், பக்கத்து வீட்டுத் தறியின் சத்தம் என்று எல்லாம் அந்த அறைக்குள் வந்து போயின. அவற்றின் நடுவே கோகிலா தூங்கினாள், விழித்தாள், மறுபடி தூங்கினாள்.

மாசியில் ஒரு சனிக்கிழமை மதியம் வலி வந்தது. மூவரும் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்கள். கோகிலா வேப்பமர நிழலில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள், பிறகு நடந்தாள். உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திவிட்டார்கள்.

தனபாலும் சுமித்ராவும் சுவரோரமாக நின்றார்கள். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. மெல்லியதாகத் தொடங்கி, கோபத்தோடு ஓங்கியது. தனபால் சுமித்ராவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து மாணிக்கம்.

"என்ன கொழந்தைன்னு கேக்கறான்" என்றான் தனபால். "என்ன சொல்லட்டும்?"

"இன்னும் சொல்லலீங்க மாமா. கதவு தொறக்கட்டும்."

அவர்கள் கதவைப் பார்த்தபடி நின்றார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பெண் குழந்தை என்றும் இருவரும் நன்றாக இருக்கிறார்கள் என்றும் சொன்னாள். தனபால் கைப்பேசியைக் காதில் வைத்தான். ஆனால் பேச அவனுக்கு வரவில்லை. சுமித்ரா அதை அவன் கையிலிருந்து வாங்கி, நர்ஸ் சொன்னதை அப்படியே ஊருக்குச் சொன்னாள்.